சூதா, விளையாட்டா?

எங்கள் மாமாவுக்குக் கல்யாணமான வருஷம், ஆடி மாதத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போன அத்தை ஆவணி பிறந்தும் திரும்பி வரவில்லை. புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆடியில் பிரித்து வைப்பது ஊர் வழக்கம்தான். பெண்ணைப் பெற்றவர் சீர்த்தட்டோடு வந்து அழைத்துப் போவார். மாதம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாகப் போய்க் கூட்டி வருவார்கள். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஆனால் எங்கள் மாமா சம்பந்தப்பட்ட எந்தக் காரியத்தில்தான் குழப்பத்துக்கு இடம் இல்லாமல் இருந்தது?

மாமா என் அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதியில் ஒரே வீட்டின் முன்கட்டில் அவரும் பின்கட்டில் நாங்களும் குடியிருந்தோம். அவர் கெட்டிக்காரர். எந்தத் தொழிலையும் இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்வார், மூன்றாவது வாரத்தில் அலுத்துப் போவார். கோலி சோடா போட்டார். சித்திரை வெயிலில் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்தபோது எதிர்வீட்டுக்காரர் போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். ஊதுபத்தி உருட்டினார். அது ஐப்பசி மழையில் காயாமல் பூசணம் பூத்தது. அப்புறம் வெள்ளை லெக்ஹார்ன் கோழிகள் வந்தன. கோயில் மதிலுக்குள் இருக்கிற தெருவில் கோழி வளர்த்தால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். தெருவே சொன்னது.

அத்தை மருமகளாக வந்தது இந்தக் கோழிகளின் காலத்தில். வந்த புதிதில் அவள் முகத்தில் ஒரு மாதிரி திகைப்பு இருந்ததாக எனக்கு நினைவு. எந்நேரமும் துடைப்பமும் கையுமாக இருப்பாள். ஆனாலும் மாமாவைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து பேசிக் கேட்டதில்லை. அவளுடைய அப்பா அப்படியல்ல. அவர் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், திருவானைக்காவலில் சொந்த வீடு. கறுப்புக் கோட்டைக் கழற்றி வருஷங்கள் ஆகியும் பேச்சில் அது கழலவில்லை. நான் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன், அதுவும் கொஞ்சம் தள்ளி நின்று.

அத்தை ஆடிக்குப் போயிருந்த சமயம் பார்த்து மாமாவுக்குக் கோழி அலுத்துவிட்டது. கொழும்பில் ஹோட்டல் வைத்திருந்த ஒருவர் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அவர் கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்களில் அமெரிக்காவில் செய்த விளையாட்டு மெஷின் ஒன்று இருந்தது. அவருக்குக் கோழி தேவைப்பட்டது, மாமாவுக்கு எதுவானாலும் புதிதாகத் தேவைப்பட்டது. கோழிகள் கூண்டோடு அங்கே போயின, மெஷின் மாட்டு வண்டியில் படுத்தபடி எங்கள் வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பின்பால் என்று பெயர் என்பது பிற்பாடு தெரிந்தது. எங்களுக்கு அது குண்டு மெஷின். கட்டில் அளவுக்கு நான்கு கால்களில் சாய்ந்து நிற்கும் ஒரு பெட்டி, மேலே கண்ணாடி. ஒரு தண்டை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு மேலே ஓடி, காளான் மாதிரி நிற்கும் குமிழ்களில் முட்டி, மணியடித்து, விளக்கேற்றி, கடைசியில் கீழே உருண்டு வரும். கீழே இரண்டு சின்னக் கட்டைகள். பெட்டியின் இரு பக்கமும் இருக்கிற பொத்தானை அழுத்தினால் அவை எழும்பிக் குண்டைத் திருப்பி மேலே அடிக்க வேண்டும். பாயசம் கிண்டுகிற துடுப்பு போல இருந்ததால் நாங்கள் அவற்றைத் துடுப்பு என்றோம். மெஷினின் தலைப்பகுதியில் குளியல் உடையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அன்றே அதன் மேல் ஒரு பெருமாள் காலண்டரை மாட்டிவிட்டாள். ஆட்டத்தில் பாயிண்ட் ஏற ஏறப் பெருமாளுக்குப் பின்னால் விளக்குகள் எரிந்தன. எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்று பார்க்க அவரைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு குறை. துடுப்புகளுக்குச் சக்தி இல்லை. பொத்தானை அழுத்தினால், காலையில் எழுப்பப்பட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மெல்லத் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. குண்டு அவற்றைச் சட்டையே செய்யாமல் நடுவில் இறங்கிப் போனது.

இந்த நிலைமையில்தான் அம்மா, ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, பூ பழத் தட்டோடு அத்தையை அழைத்து வரப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள். தாத்தா எங்களை உட்கார வைத்து, காபி கொடுக்கச் சொல்லி, நிதானமாக விசாரணையைத் தொடங்கினார்.

"மாப்பிள்ளை இப்ப என்ன பண்றாருங்க? கோழிங்க எப்படி இருக்கு?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. கோழியைக் கொடுத்துவிட்டு மெஷின் வாங்கியதைச் சொன்னாள்.

தாத்தா கண்ணை மூடித் திறந்தார். "கோழி மேய்ச்சாலும் கவர்மெண்ட்ல மேய்க்கணும்னு சொல்லுவாங்க. இவர் கோழியைக்கூட முழுசா மேய்க்கல. சரி, அந்த மெஷின்ல என்ன பண்ணுவாங்க?"

நான் முந்திக்கொண்டேன். "குண்டு விடுவாங்க தாத்தா. தெப்பக்குளத்துக்கிட்ட கடை பார்த்து வெக்கப் போறாங்க. எல்லாரும் வந்து ஆடலாம்."

"குண்டு விட்டா அது எங்க போகும்?"

"அது பாட்டுக்குக் கீழ விழுந்துடும்."

அந்தப் பதிலில் எங்கள் வழக்கு கெட்டுப் போனது. "பொருள் தானா விழுந்து ஜெயிக்கிறதும் தோக்கறதும் நடந்தா அதுக்குப் பேரு சூது" என்றார் தாத்தா. "ஆள் தன் கையால அடிச்சு, திறமையால நிறுத்தினா அது விளையாட்டு. எத்தனை கேஸ் பார்த்திருக்கேன். சூதாட்ட வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப முடியாதுங்கம்மா. விளையாட்டுன்னு மாப்பிள்ளை நிரூபிக்கட்டும். விஜயதசமி அன்னிக்கு நானே நேர்ல வந்து பார்க்கறேன்."

அத்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் வளையல் சத்தம் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. தட்டிலிருந்த பூவை அம்மா அவள் தலையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் கீழே விழும் குண்டைப் பற்றி உண்மையைத்தானே சொன்னேன் என்று எனக்குக் கோபமாக வந்தது.

சேதியைக் கேட்ட மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சோடாவும் ஊதுபத்தியும் போனபோது சிரித்த மனிதர் அன்று சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மெஷினின் கண்ணாடியைக் கழற்றினார்.

"துடுப்பு அடிச்சா இது விளையாட்டு. அடிக்கலைன்னா சூது. அவ்வளவுதானே அக்கா? அடிக்க வெச்சுடறேன்."

"இது எத்தனை வாரத்துக்கோ" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து மாமாவின் முன்கட்டு ஒரு பட்டறை ஆயிற்று. பழுது பார்ப்பது அவர், ஆடிப் பார்ப்பது நான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு மெஷினுக்கு முன் ஒரு முக்காலி போட்டு ஏறி நின்றுவிடுவேன். தெருவிலேயே என்னை விட நன்றாக ஆடுகிறவர் கிடையாது. வேறு யாரும் ஆடியதில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் மாமா கரண்ட் மேல் சந்தேகப்பட்டார். அதில் நியாயம் இருந்தது. சாயங்காலம் ஆனால் ஸ்ரீரங்கத்து விளக்குகளெல்லாம் அழுது வடியும். காலையில் ஆடிப் பார்த்தோம். துடுப்பு ஓர் இழை அதிகமாக எழும்பியது, அவ்வளவுதான். அடுத்து, துடுப்பின் அச்சு இறுகியிருக்கிறது என்று அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து ஊற்றினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. எண்ணெயும் கொழும்பிலிருந்து வந்த தூசியும் சேர்ந்து களிம்பாகி, எழும்பிக்கொண்டிருந்த துடுப்பும் எழும்புவதை நிறுத்தியது. அதைக் கழுவ ஒரு வாரத்து மண்ணெண்ணெய் செலவாயிற்று. ஆபீசிலிருந்து வரும் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போய்விடுவார்.

மாமா விடவில்லை. பலகையை நிமிர்த்தி, கோல் கொடுத்து நிறுத்தி, அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். துடுப்பை இழுக்கிற இரும்புத் தண்டு வருஷக்கணக்காக மோதி மோதி நுனி பிதுங்கியிருந்தது, அதை அரத்தால் ராவினார். இணைப்புகள் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தன, சைக்கிள் கடையிலிருந்து வாஷர் வாங்கி வந்து போட்டார். ஒவ்வொன்றுக்கும் துடுப்பு கொஞ்சம் முன்னேறியது. ஆனால் குண்டு இன்னும் பாதிவழி போய்விட்டு, யோசித்துப் பார்த்து, திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா என்னை அகிலாண்டேஸ்வரி சந்நிதிக்குக் கூட்டிப் போவாள். அங்கே அத்தையும் வந்திருப்பாள். பெரியவர்கள் பேசக் கூடாத விஷயத்தை அம்மா பேச மாட்டாள், ஒரு தூணருகே உட்கார்ந்துவிடுவாள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பிராகாரம் சுற்றுவாள். "இப்ப என்ன பண்ணிட்டிருக்கார்?" என்று தொடங்கி அத்தனையும் கேட்பாள். நான் எண்ணெய் ஊற்றியது, அரம் ராவியது, வாஷர் போட்டது எல்லாம் விவரமாகச் சொல்வேன். "அப்புறமும் விடலையா? மறுநாளும் உக்காந்தாரா?" என்பாள். அத்தைக்கு இயந்திரங்களில் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியம். அவள் வாழ்க்கைப்பட்ட இடம் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசி பிறந்து, நவராத்திரி நெருங்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது. துடுப்பை இழுக்கிற காயிலுக்கு, அதாவது செப்புக்கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் கடுகளவு ஒரு வெள்ளைப் பொட்டு. மெஷின்காரர்கள் இதையும் பாயிண்ட் என்றுதான் சொல்வார்கள். துடுப்பு மேலே போய்ச் சேர்ந்ததும் அது தகடுகளைப் பிரித்துவிடும். இது எதற்கு என்று மாமா நாள்கணக்காக யோசித்தார். ஒரு காலை அம்மா கிணற்றடியிலிருந்து குடத்தை எடுத்து இடுப்பில் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அக்கா! மறுபடி ஒரு தடவை தூக்கு!" என்று கத்தினார்.

"உனக்கு என்னடா ஆச்சு?"

"தூக்கும்போது முழு பலத்தையும் போட்டுத் தூக்கறே. இடுப்புக்கு வந்ததும் சும்மா அணைச்சுக்கறே. அதே மாதிரிதான் இது! தூக்கறதுக்குப் பெரிய கரண்ட், பிடிச்சு நிறுத்தறதுக்குச் சின்ன கரண்ட். பெரிய கரண்ட் அந்தப் பாயிண்ட் வழியாத்தான் வரணும். பாயிண்ட்ல அழுக்கு, அதனால ஆரம்பத்திலேயே சின்ன கரண்ட்!"

"அப்ப குடத்தை நீயே கொண்டு வந்து வை" என்றாள் அம்மா.

பாயிண்டுகள் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்தால் தேய்ந்து போய்விடும், கெட்டியான அட்டை வேண்டும் என்றார் மாமா. வீட்டில் அப்படிப்பட்ட அட்டை ஒன்றுதான் இருந்தது. மீந்துபோன கல்யாணப் பத்திரிகைகள். மஞ்சள் தடவிய மூலையை வெட்டிவிட்டு, ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, தகடுகளுக்கு நடுவில் விட்டு மெதுவாக இழுத்தார். பத்திரிகை கறுத்து வந்தது. இன்னொன்று. இன்னொன்று. சுத்தமாக வந்ததும் ஸ்விட்சைப் போட்டு, "அழுத்து" என்றார்.

அழுத்தினேன். டக்!

அந்தச் சத்தத்தை நான் இன்றும் மறக்கவில்லை. குண்டு ஓர் ஓட்டத்தில் உச்சிக்குப் போய் மூன்று மணியையும் அடித்தது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். பின்கட்டிலிருந்து அப்பாவே வந்து பார்த்தார். அன்று பூராவும் ஆடினேன், பெருமாளைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்குக் கணக்குச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை அத்தையிடம் பாயிண்டைப் பற்றியும் கல்யாணப் பத்திரிகையைப் பற்றியும் சொன்னபோது, அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று சுற்றினாள். அப்புறம் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

ஆயுத பூஜை வந்தது. என் புத்தகங்கள், அம்மாவின் அரிவாள்மணை, அப்பாவின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் ஆயிற்று. மாமா அன்று தலைக்குக் குளித்து, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் அரைத்துக்கொண்டு வந்தார். ஊரில் எல்லாரும் மெஷினுக்கு வெளியே பொட்டு வைப்பார்கள். மாமாவுக்கு அது போதவில்லை. உழைத்தவை உள்ளே இருக்க, வெளிப்பலகைக்கு மரியாதை செய்வது நன்றிகெட்டதனம் அல்லவா? பலகையை நிமிர்த்தி நிறுத்தினார். மணிக்கு ஒரு பொட்டு, ஒவ்வொரு காயிலுக்கும் ஒரு பொட்டு, ஸ்பிரிங்குக்கு ஒரு பொட்டு. கடைசியில் அந்தப் பாயிண்டுகளுக்கு வந்தார்.

"இவங்கதான் நம்ம மானத்தைக் காப்பாத்தினவங்க" என்று சொல்லி, மற்றவர்களுக்கு வைத்ததை விட இரண்டு மடங்கு சந்தனத்தை அழுத்தமாக அப்பினார்.

கற்பூரம் காட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பலகையை மூடி, மேலே சாமந்தி மாலை சாற்றினார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது சட்டம், ஆகவே யாரும் ஆடிப் பார்க்கவில்லை. படிக்கிற உங்களுக்கு இந்நேரம் எல்லாம் புரிந்திருக்கும். எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

விஜயதசமி காலையில் குதிரை வண்டி வந்து நின்றது. தாத்தா அங்கவஸ்திரமும் கைத்தடியுமாக உள்ளே வந்தார். அத்தை பின்னால் கொஞ்சம் தாமதித்து வந்தாள். மாமா அவளைப் பார்த்தார், உடனே தாத்தாவைப் பார்த்தார், வாங்க என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்து மூடினார். அம்மாதான் எல்லாரையும் உட்கார வைத்துச் சுண்டல் கொடுத்தாள். தாத்தா பெருமாள் காலண்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அது நல்ல சகுனம் என்று பட்டது எனக்கு.

"முதல் குண்டை நீங்கதான் விடணும் மாமா" என்றார் மாமா.

"நான் விசாரிக்க வந்தவன். விசாரிக்கறவன் ஆடக் கூடாது. நீங்க ஆடுங்க மாப்பிள்ளை."

மாலையை எடுத்துவிட்டு மாமா தண்டை இழுத்து விட்டார். குண்டு பறந்தது, மணிகள் அடித்தன, தாத்தாவின் புருவம் உயர்ந்தது. குண்டு இறங்கி வந்தது. மாமா பொத்தானை அழுத்தினார். துடுப்பு, சாப்பிட்டுப் படுத்தவர் கையைத் தூக்கி ஈ ஓட்டுவதுபோல எழும்பிவிட்டுப் படுத்தது. குண்டு நடுவில் போய் விழுந்தது.

மாமாவின் முகம் வெளுத்துப் போயிற்று. மறுபடி ஆடினார். மறுபடி அதுவே. "நீ ஆடும்மா" என்று என்னை முக்காலியில் ஏற்றினார். அத்தை எங்களை விட்டுப் போய்விடுவாள், நான் ஒழுங்காக ஆடாததால் போய்விடுவாள். பலங்கொண்ட மட்டும் பொத்தானை அழுத்தினேன், இரண்டு கையாலும் குத்தினேன். துடுப்பு அசங்கியது, குண்டு விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாப்பா அழாதே" என்றார் தாத்தா. "இதுல உன் குத்தம் ஒண்ணும் இல்ல. குண்டு தன் இஷ்டத்துக்கு விழுது. எனக்குத் தோணினது சரிதான். இது..." என்று தொடங்கியவர், சொல்லி முடிக்கவில்லை. "அந்தப் பொத்தானை எப்படி அழுத்தணும்? இப்படியா?" என்று எழுந்து வந்தார்.

ஆடினார். குண்டு விழுந்தது. "இருங்க, எனக்கு இன்னும் பழகலை" என்று மறுபடி ஆடினார். அங்கவஸ்திரம் நாற்காலிக்குப் போனது. கைத்தடியை மாமாவிடம் கொடுத்தார். "அட, நான் அழுத்தறேன், கேக்க மாட்டேங்குதே! மாப்பிள்ளை, என்ன மெஷின்யா இது? இடது பக்கம் வரும்போதே அடிக்கணும் போல. நகரு பாப்பா!" குமாஸ்தாக்களை வருஷக்கணக்காக மிரட்டியவர் ஒரு மரக்கட்டையிடம் தோற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மாமா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கைத்தடியைப் பிடித்தபடி, தண்டனைக்குக் காத்திருப்பவர்போல நின்றார்.

அப்போது அத்தை மெஷின் அருகே வந்து குனிந்து, மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க, உள்ளே சந்தன வாசனை வருதே?"

மாமா விழித்தார். "பூஜை போட்டேனே."

"உள்ளேயா? எதுக்கெல்லாம் வெச்சீங்க?"

"எல்லாத்துக்கும்தான்."

"பாயிண்டுக்குமா?"

மாமா ஸ்விட்சை அணைத்துப் பலகையை நிமிர்த்தினார். உள்ளே அத்தனை காயிலும் மணியும் ஸ்பிரிங்கும் கல்யாணத்துக்குக் கிளம்பின பெண்கள்போலப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. பாயிண்டுகள் இருந்த இடத்தில் இரண்டு சந்தனக் கட்டிகள் காய்ந்து வெடித்திருந்தன. அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வராமல் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். மாமா மட்டும், "மரியாதைக்குத்தான் வெச்சேன்" என்றார் பாவமாக.

அத்தை தன் கொண்டை ஊசியை உருவி, தகடுகளில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தாள். மாமா கல்யாணப் பத்திரிகையை நறுக்கிக் கொடுத்தார். அவள் உள்ளே விட்டு இழுக்க இழுக்க, அது சந்தன மஞ்சளாக வந்தது. அப்படி வந்த ஒரு துண்டைத் தாத்தா கையில் வாங்கி, கண்ணாடியை மேலேற்றிப் பார்த்தார்.

"இதுல என் பேரில்ல இருக்கு!"

"பாதிதான் மாமா" என்றார் மாமா அவசரமாக. "மீதி இன்னொரு துண்டுல இருக்கு."

தாத்தா அந்தத் துண்டைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டார். பலகையை இறக்கி, ஸ்விட்சைப் போட்டார்கள். தாத்தாவே தண்டை இழுத்தார். குண்டு இறங்கி வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். டக்! குண்டு மேலே போயிற்று. திரும்பி வந்தது. டக்! மறுபடி போயிற்று. பெருமாளுக்குப் பின்னால் வரிசையாக விளக்குகள் எரிந்தன.

"விளையாட்டுதான்!" என்று கூவினார் தாத்தா. "சந்தேகத்துக்கு இடமே இல்லை. திறமைதான் இது, முழுக்க முழுக்கத் திறமை!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. தாத்தா தீர்ப்பைச் சொன்ன பிறகும் மேல்விசாரணை என்று சொல்லி மத்தியானம் வரை ஆடினார். சாப்பிட்டு எழுந்து மறுபடி ஆடினார். நான் ஓரமாக நின்று என் முறைக்குக் காத்திருந்து அலுத்தேன்.

வெயில் தாழ்ந்ததும் தாத்தா அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, "பாப்பா, வண்டிக்காரன் நிக்கறானா பாரு" என்று என்னிடம் சொன்னார். உடனே எதையோ நினைத்தவர்போல, "இல்ல, வேண்டாம்..." என்றார். நான் அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டேன்.

வாசலில் வண்டி இல்லை. நடையில், கதவு மறைவில், ஒரு பச்சை டிரங்குப் பெட்டியும் சுருட்டிக் கட்டிய படுக்கையும் இருந்தன. எதிர்வீட்டு அம்மாள் கோலம் போடத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வண்டி எங்கே என்று கேட்டேன்.

"அது காலையிலேயே போயிடுச்சே! உங்க அத்தைதான் பெட்டியை இறக்கி வெக்கச் சொல்லி, நீ போய்க்கோன்னு அனுப்பிச்சுது. பெரியவர் அப்பதான் உள்ளே போனார்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வயசான மனிதரை இப்படியா நடக்க விடுவது? உள்ளே ஓடி எல்லார் முன்னாலும் அத்தையைக் காட்டிக் கொடுத்தேன். "தாத்தா, அத்தை வண்டியை அப்பவே அனுப்பிட்டாங்க! மெஷின் பார்க்கறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க!"

அத்தை சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாத்தா மட்டும் உத்திரத்தைப் பார்த்தபடி, "அதனால என்ன, டவுன் பஸ் இருக்கு" என்றார். திருவானைக்காவலிலிருந்து வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டி அவர் காலடியில்தான் இருந்திருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மாமாவும் நானும் அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். மாமா வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும், நாள் பூராவும் என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"மாமா, அந்தத் துடுப்பு மட்டும் கடைசி வரைக்கும் அடிக்காம இருந்திருந்தா, அத்தை திரும்பிப் போயிருப்பாங்க இல்ல?"

மாமா மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆமாம்மா. பெரிய கண்டம்தான் தப்பிச்சோம்" என்றார்.

அடுக்களையில் பாத்திரத்தின் சத்தம் நின்றது. அத்தை சிரிப்பது கேட்டது. எதற்குச் சிரிக்கிறாள் என்று நான் மாமாவைப் பார்த்தேன், மாமா என்னைப் பார்த்தார்.